லாரிக்கு ஒரு வெப்பமானி

நூலும் விளைபொருளும் சுமக்கும் நம் சங்க டீசல் லாரியின் எஞ்சின் கொதித்துப் பழுதுற்றால், நஷ்டம் அங்கத்தினர் அனைவருக்குமேயாம். ஆகவே தனியே ஒரு வெப்பமானி பொருத்துதல் நலம்.

எஞ்சின் நன்கு ஆறிய பின்னரே வேலையைத் தொடங்குவோம். ரேடியேட்டர் நீரைச் சிறிது வடித்து, சிலிண்டர் ஹெட்டில் நீர் ஓடும் வழியிலுள்ள பிளக்கைக் கழற்றி, அவ்விடத்தில் வெப்பம் அறியும் குமிழைக் கசிவின்றி முடுக்க வேண்டும். குமிழையும் மானியையும் இணைக்கும் மெல்லிய குழாயை வெட்டவோ ஒடித்து மடக்கவோ கூடாது. உள்ளிருப்பது வெளியேறினால் மானி பயனற்றதாகிவிடும். புகைக்குழாயின் அருகிலும் அதனைக் கொண்டு செல்லலாகாது. தகட்டுத் துளையில் ரப்பர் வளையம் இடுக. பின்பு நீர் நிரப்பி, எஞ்சினை ஓட்டிக் கசிவு பார்க்க வேண்டும்.

ஒன்றை மறவாதிருப்போம்: நீர் வற்றிக் குமிழ் நீரில் படாதபோது முள் தாழ்த்திக் காட்டக்கூடும். ஆதலின், மானி வந்துவிட்டதென்று காலைதோறும் நீர்மட்டம் பார்க்கும் வழக்கத்தை நாம் கைவிடலாகாது.