நெஞ்சு வலியும் நடைச் சோதனையும்

மேட்டு நிரையில் பால் வாளியைச் சுமந்து ஏறும்போது நெஞ்சு இறுகுகிறது. சற்று நின்றால் வலி தணிந்துவிடுகிறது. நம்மில் பலர் இதனை வாயுத் தொல்லை என்று கருதி, ஓமநீர் அருந்திவிட்டு மறந்துவிடுகிறோம். நாள்தோறும் உழைக்கும் உடலுக்கு இதய நோய் வராது என்ற எண்ணமும் நம்மிடையே உண்டு. அது தவறாகும். உழைக்கும்போது வந்து ஓய்வில் மறையும் வலி, இதய நோயின் அறிகுறியாக இருக்கக்கூடும்.

இதயமும் ஒரு தசையே. அதற்கு இரத்தம் அளிக்கும் குழாய்களினுள் கொழுப்புப் படிந்தால் வழி குறுகிவிடும். அமர்ந்திருக்கும்போது குறைந்த இரத்தமே போதுமாதலால் குறை வெளிப்படுவதில்லை. உழைப்பு மிகும்போதுதான் பற்றாக்குறை தெரிகிறது. படுக்க வைத்து எடுக்கும் இதய மின்வரைபடத்தில் நோய் தென்படாமற் போவதும் இதனாலேயே.

இக்குறையைக் கண்டறிய உதவுவது உடற்பயிற்சிச் சோதனை. நெஞ்சில் மின்கம்பிகளைப் பொருத்தி, நகரும் பட்டையின்மீது நடக்கச் செய்வர். அமெரிக்க மருத்துவர் ராபர்ட் புரூஸ் 1963-இல் வெளியிட்ட முறை இன்றும் பரவலாகப் பின்பற்றப்படுகிறது. தொடக்கத்தில் மணிக்கு 2.7 கிலோமீட்டர் வேகம். 3 நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் ஏற்றமும் கூட்டப்படும். 220-இலிருந்து வயதைக் கழித்து, அதில் 85 விழுக்காட்டை நாடித்துடிப்பு எட்டுவது பொதுவான இலக்கு. 50 வயதினருக்கு இது நிமிடத்துக்கு ஏறக்குறைய 145 ஆகும். நெஞ்சு வலி மிகுந்தாலோ இரத்த அழுத்தம் வீழ்ந்தாலோ உடனே நிறுத்திவிடுவர்.

நோய் உறுதியானவர்களுக்கும் இச்சோதனை பயன்படும். சிகிச்சைக்குப் பின் வலியின்றி எவ்வளவு நேரம் நடக்க முடிகிறது என்பதை முன்னைய அளவோடு ஒப்பிட்டு, எத்தகைய வேலைக்குத் திரும்பலாம் என மருத்துவர் கூறுவார். எனினும், இச்சோதனை முற்றிலும் பிழையற்றதன்று. முடிவு நன்றாக இருப்பினும், புகைப்பழக்கத்தைக் கைவிடுவதும் நீரிழிவையும் இரத்த அழுத்தத்தையும் கட்டுப்படுத்துவதும் இன்றியமையாதவை.

சோதனைக்கு முந்திய 3 மணி நேரத்தில் வயிறார உண்ணலாகாது, புகைத்தலும் கூடாது. வழக்கமான மருந்துகளை நாமாக நிறுத்தாமல், மருத்துவரைக் கேட்டு நடத்தல் வேண்டும்.

ஓய்விலும் தணியாத நெஞ்சு வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல் ஆகியவை தோன்றினால் சோதனைக்குக் காத்திருத்தல் ஆபத்து. உடனே 999 எண்ணுக்கு அழைப்போம். மேடேறும்போது மட்டும் வரும் வலியையும் மறைக்காது, அரசாங்கச் சுகாதார நிலையத்தில் காலத்தோடு தெரிவிப்போம்.