காலைப் போராட்டம் இரவிலேயே முடியட்டும்

ஆறாம் வகுப்புக்குப் போகும் என் மகன் கோடை விடுமுறையில் நள்ளிரவு வரை விழித்தே பழகிவிட்டான். ஜூனில் பள்ளி திறந்ததும் காலையில் எப்படி எழுப்புவது? நல்ல மார்க் வாங்கினால் சைக்கிள் என்று சொல்லலாமா?
– வாசகி, திண்டுக்கல்

கவலை வேண்டாம் அம்மா, இரண்டு வாரத்தில் சரியாகிவிடும். இந்த வயதுப் பிள்ளைக்கு 9 மணி நேரத் தூக்கமாவது வேண்டும். ஆறு மணிக்கு எழ, ஒன்பதுக்குள் படுக்க வேண்டும். இன்றிலிருந்தே தினமும் கால் மணி நேரம் முன்னதாக எழுப்புங்கள். படுக்கும் நேரமும் அப்படியே முன்னே வரும். எழுப்பாமல் படுக்க மட்டும் வைத்தால் புரண்டுகொண்டுதான் இருப்பான். டைம்டேபிள் பார்த்துப் பை அடுக்குவது, யூனிஃபார்ம் எடுத்து வைப்பது எல்லாம் இரவே அவன் வேலை. ஒருநாள் ஜியாமெட்ரி பாக்ஸை மறந்தால் மறக்கட்டும், நீங்கள் எடுத்துக்கொண்டு ஓடாதீர்கள்.

சைக்கிள் தேவையென்றால் வாங்கிக் கொடுங்கள். மார்க்கோடு முடிச்சுப் போட வேண்டாம். பாராட்டுவதிலும் கவனம் வேண்டும். உளவியல் ஆய்வாளர்கள் கிளாடியா முல்லர், கரோல் டுவெக் இருவரும் அமெரிக்காவின் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வு 1998இல் வெளியானது. ‘நீ புத்திசாலி’ என்று பாராட்டப்பட்டவர்களில் பலர் அடுத்து எளிதான புதிர்களையே கேட்டார்கள். முயற்சிக்காகப் பாராட்டப்பட்டவர்களில் பெரும்பாலோர் கற்றுக்கொள்ள வைக்கும் கடினமானவற்றைத் தேர்ந்தெடுத்தார்கள். எனவே, ‘போன வாரம் தடுமாறிய பின்னக் கணக்கை இன்று தனியாகவே போட்டுவிட்டாயே!’ என்று அவன் செய்ததையே சொல்லுங்கள். அன்று இரவு அவனுக்குப் பிடித்த முட்டை தோசை ஊற்றுங்கள். வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து சாப்பிடும்போது கணக்குப் போட்ட கதையை அவனே சொல்லட்டும்.