மாலை நீண்டால் காமாலை இறங்குமா?

மஞ்சள் காமாலை கண்ட குழந்தைக்கு வங்காளத்தில் ஒரு மாலை சூட்டுவார்கள். பூமாலை அல்ல. ஒரு செடியின் மெல்லிய பச்சைத் தண்டைச் சிறு துண்டுகளாக நறுக்கி, நூலில் முடிச்சு முடிச்சாகக் கட்டியது. முதல் நாள் தலையைச் சுற்றி அமர்ந்திருக்கும். நாளாக ஆக நீண்டு கழுத்துக்கு இறங்கும், பிறகு மார்புக்கு, வயிற்றுக்கு. மாலை இறங்க இறங்க நோயும் இறங்குகிறது என்பது நம்பிக்கை. கிராமத்து வழக்கம்தானே என்று ஒதுக்கிவிட முடியாது. கொல்கத்தா மாநகரத்துக்குள்ளும் இந்த மாலை உண்டு.

மாலை நீள்வது உண்மைதான். ஈரத் தண்டு காயும்போது சுருங்கி மெலிகிறது. அதைச் சுற்றியிருந்த முடிச்சு தளர்ந்து, முடிச்சுக்குள் அடங்கியிருந்த நூல் வெளியே வருகிறது. நோயே இல்லாதவர் தலையில் வைத்தாலும் நீளும், சுவரில் ஆணி அடித்து மாட்டினாலும் நீளும். இன்னொரு வழக்கம், சுண்ணாம்புத் தண்ணீரில் கை கழுவுவது. மந்திரிப்பவர் குழந்தையின் கையைத் தேய்த்துக் கழுவக் கழுவத் தண்ணீர் மஞ்சளாகும். காமாலை கரைந்து வருவதைத் தாய் தன் கண்ணாலேயே பார்க்கிறாள். தேய்க்கும்போதே மாமரப்பட்டைச் சாறு அவர் கையிலிருந்து குழந்தையின் கைக்கு வந்துவிட்டது. அது சுண்ணாம்போடு சேர்ந்தால் மஞ்சளாகும், அவ்வளவுதான். வங்காளத்தின் அறிவியல் இயக்கத்தார் இதை மேடைகளில் பலமுறை செய்தே காட்டியிருக்கிறார்கள்.

ஆனாலும் நம்பிக்கை சாகவில்லை. அதற்குத் தாய்மாரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மாலை போட்ட குழந்தைகளில் பெரும்பாலோர் உண்மையிலேயே தேறிவிடுகிறார்கள். குழந்தைகளுக்கு வரும் காமாலையில் பெரும்பகுதி ஹெபடைடிஸ் ஏ வைரஸால் வருவது. அழுக்குத் தண்ணீர், கழுவாத கை, தெருவோரத்து ஐஸ் ஆகியவற்றின் வழியாக உள்ளே போய், இரண்டு முதல் ஏழு வாரத்துக்குள் கண்ணை மஞ்சளாக்கி, சில வாரங்களில் தானே அடங்கும். ஆறு வயதுக்குட்பட்டவர்களில் பலருக்குக் கண்கூட மஞ்சளாவதில்லை. மாலை வயிற்றுக்கு இறங்க எடுக்கும் காலமும் கல்லீரல் தேற எடுக்கும் காலமும் ஏறக்குறைய ஒன்று. நம் ஊரில் கீழாநெல்லிக்குக் கிடைத்த பெயரிலும் இந்தக் கணக்கின் பங்கு பெரிது. கீழாநெல்லியைச் சோதித்துப் பார்க்காமல் யாரும் விடவில்லை. 1988இல் சென்னை ஆய்வாளர் தியாகராஜன் குழுவினர் நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க்கோடு சேர்ந்து, அது ஹெபடைடிஸ் பி வைரஸை விரட்டுவதாக லான்செட் இதழில் எழுதினார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு வேறு நாடுகளில் செய்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை.

மாலையால் வரும் கேடு அது உடலில் செய்வதில் இல்லை, வீணாக்கும் நாட்களில் இருக்கிறது. காமாலை ஒரு நோயே அல்ல, ஓர் அடையாளம். அதே மஞ்சளுக்குப் பின்னால் ஹெபடைடிஸ் ஏ இருக்கலாம், டெங்கு இருக்கலாம், அளவு மீறிய பாராசிட்டமால் இருக்கலாம், பிறவியிலேயே வந்த ஒரு மரபணுக் கோளாறு இருக்கலாம். ஹெபடைடிஸ் ஏ வந்தவர்களில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவாகவே கல்லீரல் திடீரெனச் செயலிழக்கிறது. ஆனால் அந்த ஒரு குழந்தைக்கு மணிக்கணக்கு முக்கியம். பகலில் தூங்கி இரவில் விழித்திருப்பது, காரணமில்லாத எரிச்சல், குழறும் பேச்சு, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம்: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் பெரிய மருத்துவமனைக்கு ஓட வேண்டும். ரத்த அறிக்கையில் எஸ்.ஜி.பி.டி. என்ற கல்லீரல் நொதி ஆயிரத்திலிருந்து இருநூறுக்கு இறங்கிவிட்டது என்று மகிழ்ந்து போகும் பெற்றோர் உண்டு. அதோடு ரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். எண் ஏறிக்கொண்டிருந்தால் அது தேறுதல் அல்ல. அழிய மிச்சமிருக்கும் கல்லீரல் செல்லே குறைந்துவிட்டது என்று பொருள்.

"எண்ணெய் கூடாது, மஞ்சள் கூடாது, கரும்புச்சாறு கொடு"

மஞ்சள்தூளுக்கும் கண்ணின் மஞ்சளுக்கும் தொடர்பு கிடையாது. கண்ணில் தெரிவது பிலிருபின். பழைய சிவப்பணுக்கள் உடைவதில் பிறந்து, கல்லீரல் வெளியேற்ற முடியாமல் ரத்தத்தில் தேங்கியது. நோயோடு போராடும் கல்லீரலுக்கு உணவு அதிகமாகத்தான் வேண்டும். வெறும் கஞ்சியும் வேகவைத்த காய்கறியுமாக ஒரு மாதம் வைத்திருந்தால் குழந்தை மெலியும். பசித்ததை, பிடித்ததைக் கொடுக்கலாம். கரும்புச்சாற்றைத் தெருவில் வாங்குவதை மட்டும் தவிர்க்க வேண்டும். எந்தத் தண்ணீரில் செய்த ஐஸ் அதில் மிதக்கிறதோ, அதிலேயே வைரஸ் இருக்கக்கூடும்.

"பரம்பரைச் சாபம்"

1887இல் கல்கத்தாவிலிருந்து சென் என்ற மருத்துவர், கைக்குழந்தைகளின் கல்லீரல் கல்லாக இறுகிப்போகும் ஒரு நோயைப் பற்றி இந்தியன் மெடிக்கல் கெசட்டில் எழுதினார். ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயதுக்குள் வரும். வயிறு உப்பும், கை தொட்டால் ஈரல் கெட்டியாக இருக்கும், காமாலை வரும், சில மாதங்களில் குழந்தை போய்விடும். நம் பாட்டிமார் ஈரல் குலைக்கட்டி என்று அஞ்சிய நோய் இதுதான். அண்ணனைக் கொண்டுபோனது தம்பியையும் கொண்டுபோகும். அதனால் சாபம் என்றார்கள், குலதோஷம் என்றார்கள். மருத்துவர்களும் வைரஸ், சத்துக்குறைவு, பூஞ்சை நச்சு என்று ஒவ்வொன்றாகச் சந்தேகித்தார்கள். நடுத்தர வர்க்க இந்துக் குடும்பங்களிலேயே அதிகம் வந்தது எல்லோரையும் குழப்பியது.

விடை அடுக்களையில் இருந்தது. 1970களின் இறுதியில் இந்தக் குழந்தைகளின் கல்லீரலில் அளவுக்கு மிஞ்சிய செம்பு கண்டுபிடிக்கப்பட்டது. உலர்ந்த கல்லீரல் ஒரு கிராமுக்கு ஐம்பது மைக்ரோகிராமுக்குள் இருக்க வேண்டிய செம்பு ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. புணேயில் பண்டிட், பாவே ஆகியோரும் இங்கிலாந்தின் டானரும் வீடுவீடாக விசாரித்து, 1983இல் லான்செட்டில் எழுதினார்கள்: இந்தக் குழந்தைகள் தாய்ப்பாலை விட்டுச் சீக்கிரமே பசும்பாலுக்கோ எருமைப்பாலுக்கோ மாறியவர்கள்; அந்தப் பால் ஈயம் பூசாத பித்தளை, செம்புப் பாத்திரத்தில் காய்ச்சி வைக்கப்பட்டது. பால் செம்பை இழுத்துக்கொள்கிறது, பிஞ்சுக் கல்லீரலால் அதை வெளியேற்ற முடிவதில்லை. பித்தளை வாங்க வசதியுள்ள வீடுகளில் நோய் அதிகமாக இருந்ததன் காரணம் இப்போது விளங்கும். ஏழை வீட்டு மண்சட்டியும் தாயின் மார்பும் பிள்ளைகளைக் காத்தன. ஆஸ்திரியாவின் டிரோல் மலைப்பகுதியிலும் 1900க்கும் 1974க்கும் இடையில் 138 குழந்தைகள் இதேபோல் செம்புப் பாத்திரத்துப் பாலால் இறந்திருந்தார்கள் என்பது 1996இல் தெரியவந்தது. ஆகவே இது இந்தியக் குலத்துக்கு மட்டும் உரிய சாபமாக இருக்க முடியாது. செம்பைத் தாங்காத ஒரு மரபணுக் கூறும் சில குடும்பங்களில் சேர்ந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஆனால் எவர்சில்வர் வந்ததும், பாத்திரம் மாறியதும் நோய் ஏறக்குறைய மறைந்தது. ஆரம்பத்திலேயே பிடிபட்ட குழந்தைகளில் சிலரைச் செம்பை வெளியேற்றும் பெனிசிலமின் மாத்திரை காப்பாற்றியது.

இதை இவ்வளவு நேரம் சொல்வதற்குக் காரணம், செம்புப் பாத்திரங்கள் திரும்பவும் வீட்டுக்குள் வந்துகொண்டிருப்பது. பெரியவர்கள் செம்புக் குடத்தில் தண்ணீர் வைத்துக் குடிப்பது வேறு. கைக்குழந்தையின் பால், மோர், பழச்சாறு எதுவும் ஈயம் பூசாத செம்பையோ பித்தளையையோ தொடக்கூடாது.

செம்பு வெளியிலிருந்துதான் வரவேண்டும் என்பதும் இல்லை. ஏ.டி.பி.7பி என்ற மரபணு பழுதானால், நாம் சாதாரணமாக உண்ணும் உணவிலுள்ள செம்பே வெளியேறாமல் கல்லீரலிலும் மூளையிலும் தேங்கும். 1912இல் வில்சன் விவரித்ததால் வில்சன் நோய். அப்பா அம்மா இருவரும் நலமாக இருப்பார்கள், ஆளுக்கு ஒரு பழுதைச் சுமந்தபடி. ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு அபாயம். கிழக்கிந்திய நோயாளிகளிடம் அதிகம் காணப்படும் மரபணுப் பிழைகளைக் கொல்கத்தாவின் இந்திய வேதி உயிரியல் நிறுவனத்தினர் தேடிக் கண்டுபிடித்திருக்கிறார்கள். எட்டு வயதுப் பையனின் கையெழுத்து திடீரெனக் கோணுகிறது, வாய் ஒழுகுகிறது, பாடம் ஏறவில்லை. வீட்டில் கண்ணேறு என்பார்கள், பள்ளியில் சோம்பேறி என்பார்கள். இன்னொரு பிள்ளைக்கு அது காமாலையாகவே வந்து, கூடவே சோகையும் சேர்ந்து, ஒரு வாரத்தில் கல்லீரலை முடித்துவிடும். ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைகள் சில ஆண்டு இடைவெளியில் காமாலையில் போனார்கள் என்று கேள்விப்பட்டால் வில்சனை நினைக்காமல் இருக்கக்கூடாது. கண்ணின் கருவிழி ஓரத்தில் பழுப்பு வளையம், ரத்தத்தில் செருலோபிளாஸ்மின் அளவு, ஒருநாள் முழுச் சிறுநீரில் செம்பு ஆகியவற்றைப் பார்த்தாலே பெரும்பாலும் பிடிபட்டுவிடும். ஒரு பிள்ளைக்கு உறுதியானால், நலமாக ஓடியாடும் மற்றப் பிள்ளைகளையும் அன்றே சோதிக்க வேண்டும். மருந்து ஆயுளுக்கும் உண்டு. நன்றாகத்தானே இருக்கிறோம் என்று நிறுத்தியவர்கள் மாண்டிருக்கிறார்கள்.

"காலா ஆசார் பழங்கதை"

காலா ஆசார் என்ற நோயின் வரலாற்றில் கல்கத்தாவும் மதராஸும் ஒரே ஆண்டில் சந்திக்கின்றன. கல்கத்தாவை அடுத்த டம்டம்மில் நோயுற்று இங்கிலாந்து திரும்பி இறந்த படைவீரனின் மண்ணீரலில் தான் பார்த்த நுண்பொருட்களை லீஷ்மன் 1903இல் வெளியிட்டார். அதே ஆண்டு மதராஸ் பொது மருத்துவமனையில் டோனவன், உயிரோடிருந்த ஒரு நோயாளியின் மண்ணீரலிலிருந்தே அதை எடுத்துக் காட்டினார். ஒட்டுண்ணிக்கு இருவர் பெயரும் சேர்ந்தது. மணல் ஈ பரப்பும் இந்த நோயில் வாரக்கணக்கில் காய்ச்சல், தொப்புளைத் தாண்டும் மண்ணீரல், பெருத்த கல்லீரல், வெளிறிய உடம்பு, மருந்தில்லாவிட்டால் மரணம். மலேரியா என்று குயினைன் கொடுத்துக் கொடுத்தே பல குழந்தைகளை இழந்தோம். கல்கத்தா கேம்பல் மருத்துவமனையில், மின்சாரமும் தண்ணீர்க் குழாயும் இல்லாத ஒரு சிறு அறையில் உபேந்திரநாத் பிரம்மச்சாரி 1920களின் தொடக்கத்தில் யூரியா ஸ்டிபமின் என்ற ஆன்டிமனி மருந்தை உருவாக்கினார். பல்லாயிரம் உயிர்கள் பிழைத்தன. அதே நகரின் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் நேப்பியர், நோயாளியின் ரத்தநீரில் ஒரு சொட்டு ஃபார்மலின் விட்டு, அது வெந்த முட்டை வெள்ளைக்கருபோல் உறைந்தால் காலா ஆசார் என்று சொல்லும் எளிய சோதனையைக் கொண்டுவந்தார்.

இன்று விரல்நுனி ரத்தத்தை ஆர்.கே.39 பட்டையில் விட்டால் அரைமணிக்குள் விடை தெரியும். லிப்போசோமல் ஆம்போடெரிசின் ஒரே தவணையாக, எடையில் கிலோவுக்கு 10 மில்லிகிராம், பெரும்பாலோருக்குப் போதும். வங்கதேசம் இந்த நோயைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து ஒழித்துவிட்டதாக 2023இல் உலக சுகாதார நிறுவனம் உறுதி செய்தது. இந்தியாவிலும் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்துவிட்டது. எனக்குக் கவலை தருவது அந்தக் குறைவுதான். இளம் மருத்துவர்கள் பலர் ஒரு நோயாளியையும் பார்த்திருக்க மாட்டார்கள். மால்டாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வேலைக்குத் தமிழ்நாடு வந்த குடும்பத்துக் குழந்தை இரண்டு வாரக் காய்ச்சலோடும் பெரிய மண்ணீரலோடும் வந்தால், ரத்தப்புற்றா என்று எலும்பு மஜ்ஜை எடுக்கும் முன் சொந்த ஊர் எது என்று கேட்க வேண்டும். குணமானபின் தோலில் தேமல்போல் தோன்றும் வலியற்ற திட்டுகளையும் அலட்சியப்படுத்தக்கூடாது. பிரம்மச்சாரியே 1922இல் விவரித்த அந்தத் தோல் நிலையிலிருந்து மணல் ஈ மீண்டும் நோயை எடுத்துச் செல்லும்.

விடாத காய்ச்சல் என்றால் டைஃபாய்டு என்ற பழக்கமும் இதே வகைதான். டைஃபாய்டுக்காகச் செய்யும் விடால் சோதனை நம்பகமானதல்ல. மேற்கு வங்காளத்திலும் தமிழ்நாட்டிலும் ஸ்க்ரப் டைஃபஸ் என்ற உண்ணிக் காய்ச்சல் குழந்தைகளிடம் நிறையவே இருக்கிறது. கல்லீரல் நொதிகள் ஏறும், தட்டணு இறங்கும், டெங்கு என்றே தோன்றும். டைஃபாய்டுக்கான செஃப்ட்ரியாக்சோன் இதற்குக் கேட்காது. அக்குள், தொடையிடுக்கு, காதின் பின்புறம் எல்லாம் ஆடை விலக்கித் தேடினால், சிகரெட்டால் சுட்டது போன்ற கறுத்த பொருக்கு கிடைக்கலாம்; வலிக்காது என்பதால் குழந்தை சொல்லாது. டாக்சிசைக்ளின் கொடுத்தால் ஓரிரு நாளில் காய்ச்சல் இறங்கும். அது பல்லைக் கறையாக்கும் என்று தயங்குகிறார்கள். அந்தக் கறை பழைய டெட்ராசைக்ளின் மருந்துகளால் வந்தது. சில நாள் டாக்சிசைக்ளினால் வருவதாகக் காணப்படவில்லை.

"வெயில் காட்டினால் சரியாகிவிடும்"

பிறந்த குழந்தையின் காமாலை பெரும்பாலும் இரண்டு வாரத்தில் மறையும். அதற்கு மேலும் இருந்தால் வெயிலில் காட்டிக்கொண்டிருக்கக்கூடாது. நேர் பிலிருபின் அளவைப் பார்க்க வேண்டும். பித்தநாளம் அடைபட்ட குழந்தை நன்றாகப் பால் குடிக்கும், கொழுகொழு என்றே இருக்கும், யாருக்கும் சந்தேகம் வராது. காட்டிக்கொடுப்பது மலம்: மஞ்சளாக இல்லாமல் சுண்ணாம்பு, களிமண் நிறத்தில் போகும். குடலை எடுத்துக் கல்லீரலோடு இணைக்கும் கசாய் அறுவை அறுபது நாளுக்குள் நடந்தால் பலன் அதிகம். தைவானில் ஒவ்வொரு தாய்க்கும் மலத்தின் நிற அட்டையே கொடுக்கிறார்கள், 2004இலிருந்து நாடு முழுவதும். காலம் தவறினால் மிஞ்சுவது கல்லீரல் மாற்று. இந்தியாவில் ஒரு குழந்தைக்கு வெற்றிகரமாக நடந்த முதல் கல்லீரல் மாற்று, இதே நோயுள்ள காஞ்சிபுரத்துக் குழந்தைக்கு 1998இல் டெல்லியில் நடந்தது. தந்தை தன் ஈரலில் ஒரு பகுதியைக் கொடுத்தார், பிள்ளை வளர்ந்து மருத்துவரானார். எல்லாக் குடும்பத்துக்கும் அந்த வழி திறந்திருப்பதில்லை.

ஆறாவது வாரத் தடுப்பூசிக்குப் போகும்போது மலம் வெளுத்திருக்கிறதா என்று பாருங்கள். வெளுத்திருந்தால் அந்தத் துணியையே எடுத்துப்போய் மருத்துவரிடம் காட்டுங்கள். அறுபது நாளுக்கு அப்போது இன்னும் பதினெட்டு நாள் இருக்கும்.