இரண்டு குடித்தன வீடு விலைக்கு வந்தால்

பிள்ளையார்குப்பம், பாகூர், வில்லியனூர்ப் பக்கம் கடை நடத்தும் நம்மவர் பலருக்குப் புதுச்சேரி நகருக்குள் ஒரு வீடு வாங்கிப்போட ஆசை உண்டு. தமிழர் பகுதியில் பழைய வீட்டைப் புதுப்பித்து, "இரண்டு குடித்தனம், ஒன்றில் இருக்கலாம், ஒன்றை வாடகைக்கு விடலாம்" என்று சொல்லி விற்க வருகிறார்கள். பல வருடம் உழைத்துச் சேர்த்த கடை முதலை அதில் போடுமுன் சிலவற்றை அறிந்துகொள்வது நல்லது.

திண்ணை, தாழ்வாரம், முற்றம் உள்ள இவ்வீடுகளுக்கு மதிப்பு வந்ததற்குக் காரணம் உண்டு. மிஷன் வீதிக்கும் மகாத்மா காந்தி வீதிக்கும் இடையே, கலவை சுப்பராய செட்டி வீதி எனப்படும் வைசியாள் வீதியில், ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு 2002 முதல் 2004 வரை வீட்டு முகப்புகள் சீரமைக்கப்பட்டன. இன்டாக் அமைப்பு முன்நின்ற அப்பணிக்கு 2008-இல் யுனெஸ்கோ பாராட்டு கிடைத்தது. அதன்பின் பழைய வீடென்றாலே தனி விலை.

மூட்டையைக் குத்தூசியால் குத்திப் பார்க்காமல் நாம் அரிசி வாங்குவதில்லை. வீட்டையும் அப்படியே பார்க்க வேண்டும்.

1. பாத்தியதை: ஒரே வீடு இரண்டு குடித்தனமானது பெரும்பாலும் அண்ணன் தம்பி பாகத்தால்தான். பதிவான பாகப்பிரிவினைப் பத்திரம் இருக்கிறதா என்று பாருங்கள். பிரியாத குடும்ப வீட்டில் ஒருவர் பங்கை மட்டும் வெளியார் வாங்கினால், கூட்டாகக் குடியிருக்கும் உரிமை அவருக்கு இல்லை என்கிறது 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 44-ஆம் பிரிவு. பாகம் கேட்டு வழக்குப் போட்டாலோ, 1893-ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைச் சட்டப்படி, அந்தப் பங்கை நீதிமன்றம் மதிப்பிடும் விலைக்குத் தாமே வாங்கிக்கொள்ளக் குடும்பத்தார் கேட்கலாம். பெண் மக்களின் கையெழுத்தும் அவசியம்.

2. பழைய பத்திரம்: பிரெஞ்சுக்காரர் காலத்தில் நொத்தேர் முன் எழுதியவை பிரெஞ்சு மொழியில் இருக்கும். மொழிபெயர்த்து வக்கீலிடம் காட்டுங்கள். வில்லங்கச் சான்றும் வீட்டு வரி ரசீதும் சேர்த்துப் பாருங்கள்.

3. கட்டடம்: பழைய சுவர் சுண்ணாம்புச் சாந்தால் ஆனது. அதன்மேல் சிமெண்டு பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளே தங்கும். சுவரின் அடிப்பாகத்தைத் தட்டிப் பாருங்கள். உத்தரம் சுவரில் நுழையும் இடம் உளுத்திருக்கிறதா என்று தச்சரை விட்டுப் பாருங்கள். நடுச்சுவர், கிணறு, முற்றத்துத் தண்ணீர் போகும் வழி யாருக்குச் சேரும் என்பது பத்திரத்தில் இருக்க வேண்டும். முகப்பை மாற்றுமுன் நகர அமைப்புக் குழுமத்தைக் கேட்க வேண்டும்.

4. பணம்: வீட்டு விற்பனைக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்பது 2015 முதல் உள்ள வருமான வரி விதி. அபராதம் வாங்கியவருக்கு என்றாலும், ரொக்கம் கொடுத்த நமக்கு அத்தாட்சி இருக்காது. விலை 50 லட்சம் அல்லது அதற்கு மேலானால், வாங்குபவரே 1 சதவீதம் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும்.

கடைசியாகக் கணக்கு. உதாரணமாக, ஒரு கோடி ரூபாய் வீட்டின் ஒரு பாதிக்கு மாதம் 20,000 வாடகை வந்தால் வருடத்துக்கு 2,40,000, முதலுக்கு 2.4 சதவீதம். அதே பணம் கடையில் சரக்காகப் பல முறை சுழலும். ஆகவே கடை முதலைத் தொடாமல், மிச்சப் பணத்தில் வாங்க முடிந்தால் வாங்கலாம். கொள்முதலுக்குக் கடன் வாங்கும் நிலை வருமானால், எவ்வளவு அழகான வீடானாலும் விட்டுவிடுவதே வியாபாரிக்கு லாபம்.