வங்கி கைவிரித்தால் வீட்டுக்கு வழி என்ன?

போரால் இடம்பெயர்ந்து வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாடகை அறைகளில் காலந்தள்ளிய கமக்காரர் பலருக்கு வங்கி வீட்டுக்கடன் எட்டவில்லை. வங்கி கேட்பது சம்பளச் சீட்டும் காணி உறுதியும். கமக்காரரிடம் சம்பளச் சீட்டு இல்லை. உறுதியோ ஓட்டத்தில் தொலைந்துவிட்டது. அத்துடன் வழி அடைபட்டுவிடவில்லை.

1. காரணத்தைக் கேளுங்கள். உறுதி தொலைந்ததெனில் காணிப் பதிவகத்தில் பிரதிக்கு விண்ணப்பியுங்கள். பழைய கடன் தடையெனில், 1990ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த கொடுகடன் தகவல் பணியகத்தில் உங்கள் அறிக்கையைப் பெற்றுச் சரிபாருங்கள். அரச அனுமதிப்பத்திரக் காணியை உறுதிக்காணிபோல் ஈடுவைக்க முடியாது என்பதையும் அறிந்திருங்கள்.

2. சேர்ந்து சேமியுங்கள். சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கங்கள் இலங்கையில் 1906இல் தொடங்கின. 1989இல் கொழும்பின் ஏழைப் பெண்கள் சிறு குழுக்களாய்ச் சேமித்து மகளிர் வங்கியை உருவாக்கினர். அங்கே ஒழுங்கான சேமிப்பும் அயலவரின் பிணையுமே ஈடு.

3. படிப்படியாகக் கட்டுங்கள். 1984இல் தொடங்கிய பத்து லட்சம் வீட்டுத் திட்டம், குடும்பங்கள் தாமே கட்டுவதற்குச் சிறு கடன்களையே வழங்கியது. முதலில் ஓர் அறை. அடுத்த கடனில் அடுத்தது. கோபுரம் கட்டுபவனைப் பற்றிய ஆண்டவரின் உவமையை மறவாதீர்கள்: முதலில் கணக்கு, பிறகு அத்திவாரம்.

4. எச்சரிக்கை. ஈடு என்று சொல்லி அறுதி உறுதியில் கையொப்பம் கேட்போர் உண்டு. வாசித்து விளங்காத தாளில் கையொப்பமிட்டால், வீடு கட்டப் போய்க் காணியையே இழப்பீர்கள்.

கலந்துரையாட:
அ) நம்மில் எத்தனை பேரிடம் உறுதிப் பிரதி உண்டு?
ஆ) வாரந்தோறும் ஒவ்வொருவரும் எவ்வளவு சேமிக்கலாம்?
இ) கணக்கை யார் எழுதுவது, யார் பார்ப்பது?