பிள்ளையின் மனச்சுமையும் பாடசாலை உளவளத்துணை ஆசிரியரும்

கீரிக்குத் திரும்பியதும் காணியைத் துப்புரவாக்கினீர்கள், கிணற்றை இறைத்தீர்கள், கிராம அலுவலரிடம் பதிந்தீர்கள், பிள்ளையைப் பாடசாலையில் சேர்த்தீர்கள். சேர்த்த சில கிழமைகளில் வகுப்பாசிரியர் உங்களைக் கூப்பிட்டு, "பிள்ளையை உளவளத்துணை ஆசிரியரிடம் கொஞ்சம் கதைக்க விடுவோமா?" என்று கேட்கக்கூடும். பல பெற்றோர் இதைக் கேட்டதும் பதறிப்போகிறார்கள். "என்ர பிள்ளைக்குப் பைத்தியமா?" என்பதே முதல் கேள்வி. பெண்பிள்ளை என்றால், நாளைக்கு ஊர் என்ன சொல்லும் என்ற பயமும் சேர்ந்துவிடுகிறது.

பைத்தியம் இல்லை. மன்னார்த் தீவுக்குத் திரும்பியோருள் சிலர் 1990 ஒக்டோபரில் புத்தளத்துக்குப் போனவர்கள். சிலர் தமிழ்நாட்டு முகாம்களிலிருந்தும், இன்னும் சிலர் 2009 இன் பின் செட்டிகுளம் மெனிக் பாமிலிருந்தும் வந்தவர்கள். தமிழ்நாட்டில் படித்த பிள்ளை சிங்களப் பாடத்தை இங்கேதான் முதன்முறை பார்க்கிறது. புத்தளத்தில் பிறந்த பிள்ளைக்கு, நீங்கள் "எங்கட ஊர்" என்று சொல்லும் இந்தக் கடற்கரை புது இடம். ஷெல் சத்தத்துக்குள் ஓடிவந்த பிள்ளையோ கோயில் திருநாள் வெடிக்கும் மேசைக்கடியில் ஒளிக்கும். மூன்று பிள்ளைகளுக்கும் ஒரே மருந்து கிடையாது.

வடக்கு கிழக்கில் 420 தமிழ்ப் பாடசாலைப் பிள்ளைகளிடம் செய்யப்பட்டு 2009 இல் வெளியான ஓர் ஆய்வில், 100 க்கு 92 பேர் குண்டுவீச்சு, ஷெல்லடி, உறவினரின் சாவு போன்ற கொடுமைகளை அனுபவித்திருந்தார்கள். நான்கில் ஒரு பிள்ளைக்கு அந்த அதிர்ச்சி நோயளவுக்கு நின்றுவிட்டிருந்தது. அப்படிப்பட்ட பிள்ளைகளின் ஞாபகசக்தியும் படிப்பும் பாதிக்கப்பட்டிருந்தன. ஆகவே வாய்ப்பாடு மறக்கும் பிள்ளையை "மொக்கு" என்று அடிக்குமுன் சற்று நில்லுங்கள்.

வீட்டில் எவற்றைக் கவனிக்கலாம்? பெரிய பிள்ளை மீண்டும் படுக்கையை நனைப்பது, டொக்டர் ஒன்றுமில்லை என்ற பிறகும் காலையில் வயிறு நோவது, அம்மாவைச் சந்தைக்கும் விடாமல் பிடிப்பது, தம்பி தங்கையை ஓயாமல் அடிப்பது, அல்லது ஒன்றுமே பேசாமல் அடங்கிப்போவது. குழப்படி செய்யும் பிள்ளை எல்லோர் கண்ணிலும் படும். அடங்கிய பிள்ளையை "நல்ல பிள்ளை" என்று நாமே விட்டுவிடுகிறோம். ஓரிரு நாள் இப்படி இருந்தால் பரவாயில்லை. கிழமைக்கணக்கில் தொடர்ந்தால் பாடசாலையில் சொல்லுங்கள்.

அந்த ஆசிரியர் என்னதான் செய்கிறார்? ஊசி இல்லை, குளிசை இல்லை. சின்னப் பிள்ளைகளுடன் படம் வரைவார், விளையாடுவார். பயம் வரும்போது மூச்சை மெதுவாக விடப் பழக்குவார். விசேட பயிற்சி பெற்றவர்கள் கையாளும் முறை ஒன்று உண்டு. நிலத்தில் ஒரு கயிற்றை விரிப்பார்கள். அதுதான் பிள்ளையின் வாழ்க்கை. நல்லது நடந்த இடத்தில் பிள்ளை ஒரு பூ வைக்கும், கெட்டது நடந்த இடத்தில் ஒரு கல். பிறகு ஒவ்வொரு கல்லாக, பல நாட்கள் எடுத்து, என்ன நடந்தது என்று ஆரம்பத்திலிருந்து முடிவுவரை சொல்லும். அந்தச் சம்பவம் இப்போது நடக்கவில்லை, முந்தி நடந்தது என்பது அப்படித்தான் மனதில் பதிகிறது. கயிற்றின் மிச்சப்பகுதி சுருட்டியபடியே இருக்கும். அது இனி வரப்போகும் காலம்.

பிள்ளை சொன்னது வெளியே போகாது. அயலுக்கும் போகாது, பரீட்சைப் புள்ளியிலும் சேராது. உங்களிடமும் எல்லாவற்றையும் சொல்லமாட்டார். அதற்குக் கோபிக்க வேண்டாம். ஆனால் பிள்ளை தன்னையே காயப்படுத்தப் பார்க்கிறது என்றாலோ, யாராவது பிள்ளையைத் துன்புறுத்துகிறார்கள் என்றாலோ அவர் மூடிவைக்க முடியாது. பாதுகாப்புக்கு வேண்டியவர்களுக்கு அறிவிப்பார்.

எல்லாம் அவரால் முடியும் என்று நாங்கள் சொல்லவரவில்லை. பல இடங்களில் அவர் பாடமும் எடுத்துக்கொண்டு, தனி அறைகூட இல்லாமல் இந்த வேலையைப் பார்க்கிறார். காணாமற்போன தகப்பனை அவரால் கொண்டுவர முடியாது. "அப்பா எப்ப வருவார்?" என்று பிள்ளை கேட்டால், ஆறுதலுக்காக "அடுத்த மாதம்" என்று சொல்லாதீர்கள். அடுத்த மாதமும் வந்து போகும். "எங்கே இருக்கிறார் என்று தெரியாது, தேடிக்கொண்டிருக்கிறோம், நான் உன்னோட இருக்கிறன்" என்று சொல்லுங்கள். அதைச் சொல்ல உங்களுக்கே தைரியம் வராவிட்டால் ஆசிரியரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லலாம்.

வகுப்பாசிரியரிடமோ அதிபரிடமோ நேரே கேளுங்கள், கடிதம் தேவையில்லை. பாடசாலையில் அப்படி ஆசிரியர் இல்லாவிட்டால் பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரைச் சந்தியுங்கள். நித்திரையும் சாப்பாடும் கெட்டுப்போன பிள்ளையை மன்னார் பொது வைத்தியசாலைக்குக் கூட்டிச்செல்லுங்கள். பிள்ளை துன்புறுத்தப்படுவதாக அறிந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்துக்கு இரவானாலும் எடுக்கலாம், காசு இல்லை.