ஹெட்செட்டில் சத்தம் போதலையா? கூட்டுவதற்கு முன் காரணத்தைப் பார்ப்போம்



நம் குழுக்களில் பலர் கையில் இன்று ஆண்ட்ராய்டு போன் இருக்கிறது. வங்கியில் இருந்து வரும் அழைப்பு, பயிற்சி வீடியோ, வெளியூரில் இருக்கும் பிள்ளையோடு பேச்சு, வேலை செய்துகொண்டே கேட்கும் பாட்டு எல்லாம் அதில்தான். பக்கத்தில் இருப்பவருக்குத் தொந்தரவு வேண்டாம் என்று ஹெட்செட் மாட்டிக்கொள்கிறோம். அப்போது வருகிற கேள்விதான் இது: "ஹெட்செட் போட்டா சத்தமே சரியா வரமாட்டேங்குதே, என்ன செய்யறது?"

கேட்க இது சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் கடன் தவணை பற்றி ஒருவர் போனில் சொல்வது காதில் சரியாக விழாமல், "சரிங்க, சரிங்க" என்று சொல்லி வைத்துவிட்டால், எதற்குச் சரி சொன்னோம் என்றே தெரியாமல் போய்விடும். இன்னொரு பக்கம், எப்போதும் வால்யூமை முழுசாக வைத்தே கேட்டுப் பழகினால் காது கெட்டுப்போகும். அதனால் இந்தப் பாடத்தில் இரண்டையும் சேர்த்தே படிப்போம். சத்தத்தை எப்படிக் கூட்டுவது? எங்கே நிறுத்துவது?

முதலில் மூன்று சோதனை

புது ஹெட்செட் வாங்க ஓடுவதற்கு முன், கோளாறு எங்கே என்று பார்ப்போம்.

1. அதே ஹெட்செட்டை வேறு ஒருவர் போனில் மாட்டிக் கேளுங்கள். அங்கே நன்றாகக் கேட்டால் ஹெட்செட் மேல் தப்பில்லை. நம் போனைத்தான் பார்க்க வேண்டும்.

2. வேறு ஒரு பாட்டையோ வீடியோவையோ போட்டுக் கேளுங்கள். சில வீடியோக்கள் பதிவு செய்யும்போதே மெல்லிய சத்தத்தில் பதிவாகியிருக்கும். அதற்கு நம் போன் ஒன்றும் செய்ய முடியாது.

3. அதே போனில், அதே ஹெட்செட்டில், வீட்டில் வேறு ஒருவரைக் கேட்கச் சொல்லுங்கள். அவர் "நல்லா கேக்குதே" என்று சொன்னால், பார்க்க வேண்டியது நம் காதை. அதைப் பற்றிக் கடைசியில் பேசுவோம்.

வால்யூம் ஒன்று இல்லை, பல

நம்மில் பலருக்குத் தெரியாத விஷயம் இது. போனில் பாட்டு, வீடியோவுக்கு ஒரு வால்யூம். பேசும் அழைப்புக்கு ஒரு வால்யூம். மணி அடிக்க ஒன்று, அலாரத்துக்கு ஒன்று. மணிச் சத்தத்தைக் கூட்டினால் பாட்டுச் சத்தம் கூடாது.

போனின் பக்கவாட்டில் இருக்கும் வால்யூம் பட்டனை அழுத்துங்கள். திரையில் ஒரு கோடு வரும். அதன் அருகே மூன்று புள்ளியோ சின்ன அடையாளமோ இருக்கும். அதைத் தொட்டால் எல்லா வால்யூம் கோடுகளும் வரிசையாகத் தெரியும். இசைக் குறி போட்டது பாட்டுக்கும் வீடியோவுக்கும் உரியது. போன் படம் போட்டது அழைப்புக்கு உரியது. எது குறைந்திருக்கிறதோ அதை விரலால் இழுத்துக் கூட்டலாம்.

அழைப்பின் சத்தத்தைக் கூட்ட இன்னும் சுலபமான வழி, பேசிக்கொண்டிருக்கும்போதே வால்யூம் பட்டனை அழுத்துவதுதான். பேசுவதற்கு முன்பே அழுத்தினால் வேறு வால்யூம்தான் கூடும்.

சில போன்களில் ஹெட்செட் மாட்டிக் கூட்டிக்கொண்டே போனால் ஓர் இடத்தில் நின்றுவிடும். திரையில் ஆங்கிலத்தில் நாலு வரி வரும். போன் கெட்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். "அதிகச் சத்தத்தில் நெடுநேரம் கேட்டால் காதுக்குக் கெடுதல்" என்ற எச்சரிக்கைதான் அது. சம்மதம் கொடுத்தால் மேலே போகும். கொடுப்பதற்கு முன் இந்தப் பாடத்தை முழுதும் படித்துவிடுங்கள்.

அழுக்கும் ஒரு காரணம்

இடுப்பில் செருகி, பையில் போட்டு, காட்டுக்கும் மேட்டுக்கும் கொண்டு போகிற போன் இது. ஹெட்செட் செருகும் ஓட்டைக்குள் பஞ்சும் தூசியும் சேர்ந்துவிடும். அப்போது பின் முழுதாக உள்ளே போகாது. இதற்கு ஓர் அடையாளம் உண்டு. மேளமும் இசையும் கேட்கும், பாடுகிறவர் குரல் மட்டும் கிணற்றுக்குள் இருந்து வருவது போல இருக்கும். அல்லது ஒரு காதில் மட்டும் கேட்கும். பின்னை எடுத்து, "டக்" என்று உட்காரும்வரை அழுத்திச் செருகுங்கள். போன் உறையின் விளிம்பு தடுக்கிறதா என்றும் பாருங்கள். ஓட்டைக்குள் ஊக்கு, ஊசி விட வேண்டாம். போனை அணைத்துவிட்டு, காய்ந்த மெல்லிய பிரஷ்ஷால் மெதுவாகத் தட்டி எடுக்கலாம்.

அடுத்து ஹெட்செட்டின் காதுப் பக்கம். அங்கே இருக்கும் சல்லடையில் காது அழுக்கு அடைத்துக்கொள்ளும். ஒரு பக்கம் மட்டும் சத்தம் குறைந்தால் பெரும்பாலும் இதுதான் காரணம். ரப்பரைக் கழற்றி சோப்புத் தண்ணீரில் கழுவி நன்றாகக் காயவையுங்கள். சல்லடையைக் கீழ்நோக்கிப் பிடித்துக்கொண்டு, காய்ந்த பழைய பல் பிரஷ்ஷால் துடையுங்கள். சல்லடையில் தண்ணீர் படக்கூடாது.

ரப்பரின் அளவும் முக்கியம். காதுக்குச் சின்னதாக இருந்தால் இடைவெளி வழியாக வெளிச் சத்தம் உள்ளே வரும், பாட்டின் சத்தம் வெளியே போகும். பெட்டியோடு கொடுக்கும் மூன்று அளவு ரப்பரையும் தூக்கிப் போடாமல் மாட்டிப் பாருங்கள். பொருந்துகிற ரப்பரைப் போட்டாலே பாதிப் பிரச்சினை தீரும்.

ஒயர் இல்லாத புளூடூத் ஹெட்செட்டாக இருந்தால், முதலில் அதன் சார்ஜ் பாருங்கள். சிலவற்றில் ஹெட்செட்டிலேயே தனி வால்யூம் பட்டன் இருக்கும். போனில் ஒன்று, ஹெட்செட்டில் ஒன்று என்று இரண்டையும் பார்க்க வேண்டும். அப்படியும் சரியாகவில்லை என்றால், போனின் புளூடூத் பட்டியலில் இருந்து அதை நீக்கிவிட்டு மறுபடி இணைத்தால் பல நேரம் சரியாகிவிடும்.

போனுக்குள்ளேயே இருக்கும் உதவிகள்

செட்டிங்ஸில் ஆக்ஸஸிபிலிட்டி என்று ஒரு பகுதி உண்டு. கண், காது குறைபாடு உள்ளவர்களுக்கான வசதிகள் அங்கே இருக்கின்றன. போனுக்குப் போன் இடம் மாறும். செட்டிங்ஸின் மேலே தேடும் கட்டத்தில் பெயரை எழுதியும் தேடலாம். தெரியாவிட்டால் வீட்டுப் பிள்ளைகளைக் கேளுங்கள்.

- மோனோ ஆடியோ: இரண்டு பக்கச் சத்தத்தையும் ஒன்றாக்கி இரண்டு காதுக்கும் கொடுக்கும். ஒரு காது மந்தமாக இருப்பவர்களுக்கும், ஒரு பக்கம் மட்டும் மாட்டிக் கேட்பவர்களுக்கும் உதவும்.

- இடது வலது சமநிலை: இடது பக்கம், வலது பக்கம் என்று இழுக்கும் கோடு. அது தெரியாமல் ஓரத்துக்குப் போயிருந்தால் ஒரு காதில் சத்தம் குறையும். நடுவில் வையுங்கள்.

- சவுண்ட் ஆம்ப்ளிஃபயர்: கூகுள் 2019ல் கொண்டுவந்த இலவசச் செயலி. ஹெட்செட் மாட்டிக்கொண்டால், எதிரில் பேசுகிறவர் குரலைப் போனின் மைக் வழியாக எடுத்துத் தெளிவாக்கிக் கொடுக்கும். காது கேட்கும் கருவிக்கு இது மாற்று இல்லை. கூட்டத்தில் பேச்சு சரியாகக் கேட்காதவர்கள் முயன்று பார்க்கலாம்.

- வால்யூம் அளவு வரம்பு: சில போன்களில் "இதற்கு மேல் போகக்கூடாது" என்று எல்லை வைக்கலாம். வீட்டில் யாராவது பிள்ளைகளுக்காக வைத்திருந்தாலும் சத்தம் கூடாது. அதையும் பாருங்கள்.

"வால்யூம் பூஸ்டர்" வேண்டுமா?

ஓர் உறுப்பினரும் ஊக்குநரும் பேசிக்கொள்வது போல இதைப் பார்ப்போம்.

உறுப்பினர்: அக்கா, சத்தத்தை ரெண்டு மடங்கு ஆக்குற ஆப் ஒண்ணு இருக்காம். எம் பொண்ணு சொல்லுச்சு. ஏத்திக்கட்டுமா?

ஊக்குநர்: ஏத்தும்போது அது என்னென்ன அனுமதி கேக்குதுன்னு பாத்தியா?

உறுப்பினர்: அதென்னமோ கேட்டுச்சு. எஸ்எம்எஸ் படிக்கணும், போன் நம்பரெல்லாம் பாக்கணும்னு.

ஊக்குநர்: சத்தம் கூட்டுறதுக்கு உன் எஸ்எம்எஸ் எதுக்கும்மா? வங்கி ஓடிபி அங்கதான வருது?

உறுப்பினர்: அட ஆமாங்க்கா!

ஊக்குநர்: அது போக, பாட்டைக் கிழிச்சுத்தான் கூட்டும். கரகரன்னு கேக்கும், தெளிவா இருக்காது. காதுக்கும் கெடுதல். வேணாம் விடு.

ஆமாம் சகோதரிகளே. குழுப் பணம் சம்பந்தமான ஓடிபி வரும் போனில், முகம் தெரியாத செயலியை ஏற்ற வேண்டாம். போனில் பாட்டுச் சத்தத்தைச் சீர்செய்யும் ஈக்வலைசர் வசதி பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும். அதில் பேச்சு தெளிவாகக் கேட்கும்படி மாற்றிக்கொண்டால் போதும்.

எவ்வளவு சத்தம், எவ்வளவு நேரம்?

உள்காதில் மயிரிழை போன்ற நுண்ணிய உணர்வு செல்கள் இருக்கின்றன. ஒரு காதுக்குச் சுமார் 15,000தான். அதிகச் சத்தத்தில் அவை கருகும். நெற்பயிர் போலத் திரும்ப நட முடியாது. மனிதருக்கு அவை மறுபடி முளைப்பதில்லை.

சத்தத்தை டெசிபல் என்று அளக்கிறார்கள். நாம் சாதாரணமாகப் பேசுவது சுமார் 60. ஓடும் மிக்ஸியின் பக்கத்தில் நின்றால் 80ஐத் தாண்டும். பெரியவர்கள் ஒரு வாரத்துக்கு எவ்வளவு நேரம் கேட்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு இது:

80 டெசிபல் – வாரத்துக்கு 40 மணி நேரம்
85 டெசிபல் – 12 மணி 30 நிமிடம்
90 டெசிபல் – 4 மணி நேரம்
95 டெசிபல் – 1 மணி 15 நிமிடம்
100 டெசிபல் – 20 நிமிடம்

மறுபடி பாருங்கள், இது ஒரு நாளைக்கு இல்லை, ஒரு வாரத்துக்கு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் கேட்கக்கூடிய நேரம் பாதியாகிறது. வட்டி ஏறுவது போலத்தான், எண் சின்னதாகத் தெரியும், சுமை பெரிதாக இருக்கும். பிள்ளைகளுக்கு இன்னும் குறைவு. 40 மணி நேரம் என்றால் 75 டெசிபல்தான். வால்யூமை முழுசாக வைத்தால் பல ஹெட்செட்டுகள் 100ஐயும் எட்டக்கூடும்.

நம்மிடம் டெசிபல் அளக்கும் கருவி இல்லை. அதனால் சுலபமான கணக்கு, கோட்டில் 60 சதவீதத்துக்கு மேல் போகாமல் வைப்பது. அதாவது பாதியைக் கொஞ்சம் தாண்டலாம், அதோடு சரி. 2023ல் வந்த ஆண்ட்ராய்டு 14 முதல், ஹெட்செட்டில் எவ்வளவு சத்தம் கேட்டோம் என்று கணக்கு வைத்து எச்சரிக்கும் வசதியும் வந்திருக்கிறது. எச்சரிக்கை வந்தால் குறைத்துவிடுங்கள்.

தறிச் சத்தத்தில் பாட்டு

விசைத்தறிக் கூடத்திலும் நூற்பாலையிலும் வேலை செய்கிற நம் சகோதரிகளுக்கு இது முக்கியம். அங்கே பக்கத்தில் நிற்பவரிடமே கத்தித்தான் பேச வேண்டும். அந்த இரைச்சலை மிஞ்சப் பாட்டு வைத்தால் காதுக்கு இரட்டைச் சுமை. பாட்டு ஹெட்செட் காதுக்குப் பாதுகாப்பு ஆகாது. அங்கே தேவை, சத்தத்தைத் தடுக்கும் காது அடைப்பான். அதை வேலை கொடுப்பவரிடம் சேர்ந்து கேட்போம். முக்கியமான அழைப்பு வந்தால், எழுந்து வெளியே போய்ப் பேசுவோம். பஸ்ஸிலும் இதே கதைதான். வால்யூமைக் கூட்டுவதை விட, இறங்கிய பிறகு கூப்பிடுவது நல்லது. சாலையில் நடக்கும்போதும், தண்டவாளம் தாண்டும்போதும், வண்டி ஓட்டும்போதும் ஹெட்செட்டே வேண்டாம்.

காதைக் காட்ட வேண்டிய நேரம்

எல்லாம் சரிபார்த்தும் நமக்கு மட்டும் கேட்கவில்லையா? கீழே உள்ளதில் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

- டிவி சத்தத்தை நாம் வைத்தால் வீட்டில் மற்றவர்கள் குறைக்கிறார்கள்.
- "என்ன சொன்ன?" என்று திரும்பத் திரும்பக் கேட்கிறோம்.
- காதுக்குள் "ஙொய்" என்ற இரைச்சல் நிற்பதில்லை.
- வேலை முடிந்து வந்தால் காது அடைத்தது போல இருக்கிறது.
- காதில் வலி, சீழ் இருக்கிறது.

இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லி, அரசு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போங்கள். சில நேரம் வெறும் காதுக் குறும்பி அடைப்பாகவே இருக்கும். மருத்துவர் எடுத்தால் தீர்ந்துவிடும். நாமே ஹேர்பின், தீக்குச்சி, கோழி இறகு விட்டுக் குடைந்தால் செவிப்பறை கிழியும். காய்ச்சிய எண்ணெய் ஊற்றுவதும் வேண்டாம். திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால் "நாளைக்குப் பாக்கலாம்" என்று விடாதீர்கள், அன்றே காட்டுங்கள். சீக்கிரம் மருந்து தொடங்கினால்தான் பலன் கிடைக்கும் வாய்ப்பு அதிகம்.

கேட்கும் திறன் குறைந்தது பரிசோதனையில் உறுதியானால், தகுதி உள்ளவர்களுக்குக் காதொலிக் கருவி அரசுத் திட்டங்களில் கிடைக்கும். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். பரிசோதனை செய்யாமல் சந்தையில் விற்கும் கருவியை வாங்கி மாட்ட வேண்டாம். அதுவும் பூஸ்டர் ஆப் போலத்தான், எல்லாச் சத்தத்தையும் கண்டபடி கூட்டும்.

காது கேட்காததில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. கண்ணாடி போடுகிறோம் இல்லையா? அது போலத்தான் இதுவும். கேட்காமலே தலையாட்டி, கையெழுத்துப் போடுவதில்தான் நஷ்டம்.

அடுத்த குழுக் கூட்டத்தில் செய்ய

1. எல்லோரும் போனை எடுத்து, பாட்டு வால்யூம், அழைப்பு வால்யூம் இரண்டும் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுங்கள்.

2. வால்யூம் பூஸ்டர் ஆப் வைத்திருப்பவர்கள் அதை நீக்குங்கள்.

3. தீர்மானம் படிக்கும்போது, எழுதுபவருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் மூத்த அக்காமார்களுக்குக் கேட்கிறதா என்று கேளுங்கள். கேட்கவில்லை என்றால் முன்னால் உட்காரவையுங்கள்.

4. மார்ச் 3 உலகக் கேட்டல் நாள். அதை ஒட்டி நம் கூட்டமைப்புப் பகுதியில் காது பரிசோதனை முகாம் நடத்தித் தரும்படி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மனு எழுதலாமா என்று பேசி, தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள்.